பதினோரு விநாடி

2043 ஆகஸ்ட் 19, புதன். பிழை எண் 412. இன்று மாலை வகுப்பில் ஒன்பதாவது பயிற்சியை எழுதும்போது ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தேன். மூன்று நிமிடம் வீணாயிற்று. காரணம்: கவனக்குறைவு. இனிமேல் திறந்த கையோடு மூடும் குறியையும் எழுதிவிட்டு, பிறகு நடுவில் நிரப்புவேன்.

வின்சியா இதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு வெளியிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒரு நாள்கூட விட்டுப்போகாத நோட்டு அது.

தறிக்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்தது. தறி என்பது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத கணினி. நாலு ஊரிலுமிருந்து ஆட்கள் எழுதி எழுதி வளர்த்தது. யார் வேண்டுமானாலும் அதில் ஒரு திருத்தத்தை எழுதி அனுப்பலாம், பேட்ச் என்பார்கள். வருகிற பேட்ச்சைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்ய எழுபது காப்பாளர்கள் இருந்தார்கள். அந்த எழுபது பேரும் தினமும் தங்கள் பிழை ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் ஒரு வாரம் போனால் பொறுப்பும் போய்விடும். அடுத்தவன் குறையைப் பார்க்கிறவன் தன் குறையைத் தெருவில் வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு ஆரம்பித்த வழக்கம்தான். நாளாக ஆக, வலிக்காத பிழையாகத் தேடி எடுத்து எழுதும் கலை எல்லோருக்கும் கைவந்துவிட்டது. அதில் வின்சியா கெட்டிக்காரி.

அன்று நடந்த பெரிய விஷயத்தை அவள் எழுதவில்லை.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியின் மாடியில் மாலை வகுப்பு நடந்தது. திங்கள், புதன், வெள்ளி, ஆறரை மணிக்கு. வின்சியா பகலில் ஓர் உப்பு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். சான்றிதழ் ஒன்று கையில் வேண்டும் என்பதற்காக இங்கே சேர்ந்திருந்தாள். பாடத்தில் முக்கால்வாசி அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒவ்வொரு வரியையும் எழுதிக்கொள்வாள். தனக்குத் தெரியும் என்பதில் அவளுக்கு ஒருநாளும் நம்பிக்கை வந்ததில்லை.

வகுப்பில் யாரும் சொல்லாமலே பெஞ்சுகள் இரண்டாகப் பிரிந்திருந்தன. சன்னல் பக்கம் ஆரோக்காரர்கள், சுவர்ப் பக்கம் தறிக்காரர்கள். ஆரோ வெளிநாட்டுக் கம்பெனியின் வழுவழுப்பான சாதனம். ஒரு திருகாணியைக்கூட வெளியே பார்க்க முடியாது. அதனால் ஆரோக்காரர்களுக்கு இந்தப் பக்கம் வைத்த பெயர் பெட்டிப்பாம்பு. தறிக்காரர்களுக்கு அந்தப் பக்கம் வைத்தது ஓட்டைச்சட்டி. கீழே இரண்டு டீக்கடைகள் இருந்தன. ஒன்றில் ஆரோ மூலம்தான் காசு எடுப்பார்கள், மற்றதில் தறி மூலம். ஆகவே இடைவேளையிலும் இரண்டு கூட்டமாகவே நின்று டீ குடித்தார்கள். மின்விசிறி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அதற்கும் ஒரு கட்சிக் காரணம் சொல்லப்பட்டது. முத்தரசி மேடம் பாடத்தை நிறுத்திவிட்டு, சண்டை முடியட்டும் என்று சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பார்.

இந்தச் சண்டையில் வின்சியா வாய் திறப்பதில்லை. ஆனால் இணையத்தில் உப்புக்கல் என்ற பெயரில் தறியின் குரல் பகுதிக்குக் காப்பாளராக இருப்பது அவள்தான் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. கல்லூரியில் படித்தபோது ஆரோவில் செய்து தரவில்லை என்பதற்காக அவளுடைய புராஜெக்டைத் திறந்துகூடப் பார்க்காமல் பூஜ்யம் போட்டார்கள். வகுப்பே சிரித்தது. பிறகு யாரோ கழித்துப்போட்ட பழைய தறி ஒன்று கைக்கு வந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் அவள் திறந்து பார்க்க முடிந்த முதல் பொருள் அது. அன்றிலிருந்து தறியை ஒருவர் குறை சொன்னால் தன் வீட்டாரைச் சொன்னதுபோல அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

ரொசாரி அண்ணாச்சி சன்னல் பக்கத்துக்காரர். ஐம்பத்தாறு வயது. துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டியவர். நாலு வருஷத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முன் ஆஸ்பத்திரியில் அவர் குரலை ஆரோவில் பதிந்து கொடுத்திருந்தார்கள். கழுத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி தொங்கும். அவர் வாயை மட்டும் அசைத்தால் அது பேசும். இயந்திரக் குரல் இல்லை. கடல்காற்றில் கத்திக் கத்திக் கரடுதட்டின அவருடைய சொந்தக் குரல்.

அந்தக் குரலுக்கு இப்போது ரேஷன். பழைய ஆரோக்களைக் கம்பெனி கைவிடப்போகிறது. ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு நின்றுவிடும், அதில் பதிந்த குரலும் அழிந்துவிடும். அதுவரை ஒரு நாளைக்கு முந்நூறு வார்த்தை. முடிந்ததும் பெட்டி ஒரு சின்ன ஒலி எழுப்பும். அப்புறம் மறுநாள் காலை வரை அவர் காகிதத்தில் எழுதித்தான் காட்ட வேண்டும். புது ஆரோ வாங்கலாம், ஆனால் அதற்கு உயிருள்ள தொண்டையிலிருந்து புதிதாகக் குரல் பதிய வேண்டும்.

சேர்ந்த நாலைந்து வாரத்திலேயே அவர் வின்சியாவிடம் ஒட்டிக்கொண்டார். தறிக் கடை டீயை ஆரோக்காரர் வாங்க முடியாது. அவர் வேறு யாரையோ பிடித்து வாங்கச் சொல்லி, வகுப்பு தவறாமல் அவளுக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுப்பார். தன் பயிற்சி நோட்டைத் திருத்தித் தரும்படி கேட்பார். வின்சியாவுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. தன்னை ஒருவருக்குப் பிடிக்கிறது என்பது அவள் அதிகம் பழகாத விஷயம்.

அந்தப் புதன்கிழமை இடைவேளையில் அவர் சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"மக்கா, இதைக் கொஞ்சம் பாரேன். ஏப்ரல்ல ஒரு பேட்ச் அனுப்பினேன். ஆரோக் குரலை அப்படியே தறிக்குள்ள கொண்டாரதுக்கு. நானே முட்டி மோதி எழுதினது. இப்படித் திருப்பி அனுப்பிட்டாவ. அடிப்படைன்னு எதைச் சொல்லுதாவ? எனக்குப் பிடிபடல."

காகிதத்தில் மூன்று வரி இருந்தது.

0. எழுதியவருக்கு அடிப்படையே தெரியவில்லை.

1. எங்காவது ஆறு மாதம் படித்துவிட்டு வரவும்.

2. தறி குப்பைத்தொட்டி அல்ல.

கீழே, உப்புக்கல்.

வின்சியாவுக்குக் காது மடல் சுட்டது. அவள் அந்தக் காகிதத்தை வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தாள். வேறு யாரோ எழுதியதற்கு அர்த்தம் சொல்வதுபோலச் சொல்லவும் செய்தாள். பெயர் வைக்கும் முறை, விளக்கக் குறிப்பு, சோதனைக் கோப்பு என்று ஏதேதோ. ரொசாரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பெட்டி ஒலி எழுப்பியது. அன்றைய வார்த்தைகளை அவர் அவளிடமே செலவழித்து முடித்திருந்தார்.

வியாழன் காலை வேலைக்குக் கிளம்பும் முன் வின்சியா அந்தப் பழைய பேட்ச்சைத் தேடி எடுத்தாள். எண் 7714. அனுப்பியவர் கடற்காகம்.

பெயரைப் பார்த்ததும் ஏப்ரல் 2 முழுசாக நினைவுக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் இணையத்தில் நடந்த ஒரு பெரும் சண்டையில் கடற்காகம் என்ற ஆள், 'தறி வைத்திருக்கிறவன் எல்லாம் ஆரோ வாங்க வக்கில்லாதவன்' என்று எழுதியிருந்தான். நாலாயிரம் பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். அந்தப் பெயரை அவள் மறக்கவில்லை. ஏப்ரலில் அதே பெயர் வாசலில் வந்து நின்றதும் அவள் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேயில்லை. பெட்டிப்பாம்புக்குத் தறியில் என்ன வேலை என்று தோன்றியது. மூன்று வரி எழுதி மூடினாள். பிறகு ஒரு காப்பி போட்டுக் குடித்தாள். காப்பி ருசியாக இருந்ததுகூட நினைவிருந்தது.

இப்போது உட்கார்ந்து படித்தாள். அறுபத்தெட்டு வரி. பெயர்கள் அசிங்கமாக இருந்தன. 'தொண்டை1', 'தொண்டை2' என்று. ஆனால் சோதனைக்குப் போட்டுப் பார்த்தபோது முதல் தடவையிலேயே ஓடியது. அவள் வேறு மாதிரிக் குரலைக் கொடுத்துப் பார்த்தாள். ஓடியது. வேண்டுமென்றே பாதியில் அறுத்துப் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓடியது. அலுவலகத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனாள்.

மதிய உணவு வேளையில் சுடலைமணியைப் போனில் கூப்பிட்டாள். அவன் திருநெல்வேலிக்காரன், குரல் பகுதியின் இன்னொரு காப்பாளர். நேரில் நாலு தடவைதான் பார்த்திருக்கிறாள் என்றாலும் மூன்று வருஷச் சிநேகிதம். எடுத்த எடுப்பில் அவன் பெட்டிப்பாம்பு ஜோக் ஒன்று சொன்னான். மாத முடிவில் பழைய ஆரோக்காரன் எல்லாம் கம்பெனியைத் திட்டிக் கத்தப்போகிறானாம், ஆனால் சத்தம்தான் வராதாம். போன வாரம் இதே ஜோக்குக்கு அவளும் சிரித்திருந்தாள்.

அவள் 7714 பற்றிக் கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான்.

"சரியாத்தான் எழுதியிருக்கான். ஆரோக் கம்பெனிக்காரன் குரலைப் பூட்டி வச்சிருக்கான்லா? சட்டம் இருக்கதால கேட்டா பூட்டோட குடுத்துருவான். ஆனா தறியில அதைத் திறக்குத சாவி உலகத்துல எங்கயும் கிடையாது. இது அந்தச் சாவி. ஆமா, இதை ஏம்ட்டி தள்ளின?"

"அதை விடு. இப்பத் திறக்க என்ன வழி?"

வழி அவளுக்கும் தெரியும். யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. தள்ளப்பட்ட பேட்ச் ஆறு மாதத்துக்குத் திறக்காது. புதிதாக அனுப்பினால் வரிசையில் மூன்று வாரம். ஆகஸ்ட் 31-க்கு இருந்தது பதினோரு நாள். ஒரே குறுக்கு வழி, தள்ளிய காப்பாளரே தன் பிழை நோட்டில், தள்ளியது தவறு, இன்ன காரணத்தால் தவறு என்று எழுத வேண்டும். வேறு இரண்டு காப்பாளர்கள் அதைப் படித்துப் பார்த்து ஒப்ப வேண்டும்.

சுடலைமணி அதற்கும் யோசனை சொன்னான். சின்னதாக ஏதாவது எழுது, ரெண்டாவது கோப்பைப் பார்க்க விட்டுப்போச்சுன்னு போடு, நான் ஒரு ஆள் ஒப்பிருதேன் என்றான்.

அப்படியே எழுதினாள். பிழை எண் 413: பேட்ச் 7714-ஐப் பரிசீலித்தபோது இரண்டாவது கோப்பைப் பார்க்கத் தவறினேன். காரணம்: கவனக்குறைவு.

சுடலைமணி ஒப்பினான். இன்னொரு ஆள் ஈரோட்டிலிருந்து, பெயர் காட்டாத ஒரு காப்பாளர், வெள்ளி காலை அதைத் திருப்பி அனுப்பினார். "பதிவைப் பார்த்தேன். நீங்கள் முதல் கோப்பையும் திறக்கவில்லை. மொத்தம் பதினோரு விநாடிதான் இந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள். அந்தப் பதினோரு விநாடியில் எதைப் பார்த்தீர்கள்?"

வின்சியா திரையை மூடினாள். எழுத வந்த பதிலைப் பார்த்து அவளுக்கே கூசியது.

வெள்ளிக்கிழமை மாலை, கீழே டீக்கடை ஓரம் ரொசாரி வழக்கம்போல டீயோடு வந்தார். அவள் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு பாதி உண்மையாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

"அண்ணாச்சி, அந்த உப்புக்கல்லு யாருன்னு எனக்குத் தெரியும். நான் பேசிப் பார்க்கேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துறைமுக விளக்கின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்மா," என்றது பெட்டி.

வின்சியா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என் நோட்டைத் திருத்தித் தந்தீயள்லா. பூஜ்யத்துலருந்து எண் போட்டிருந்தீய. அந்தக் காயிதத்துலயும் பூஜ்யம். வேற யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்ல. மொதத் தடவை திருத்தினப்பவே தெரிஞ்சிபோச்சு."

மக்கா என்று கூப்பிட்டவர் நீங்கள் என்கிறார் என்பது அவளுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

"பொறவு ஏன் என்கிட்டக் கேக்கல?"

"கேட்டு, நீங்க கோவப்பட்டு, மறுபடியும் தள்ளிட்டா நான் எங்க போவேன்? துறைமுகத்துல பாஸ் எழுதுத கிளார்க்குக்கு நாங்க டீ வாங்கிக் குடுத்துட்டு நிப்போம். என்னைக்காவது மனசு வச்சி கையெழுத்துப் போடுவாவன்னு. அந்தப் பழக்கந்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆறு மாசம் படிச்சிட்டு வான்னு எழுதியிருந்தீய. நன்றின்னு பதில் போட்டேன். தானா ஒரு லிஸ்ட் வந்துச்சி, பக்கத்துல இருக்க வகுப்புன்னு. அதைப் பார்த்துத்தான் இங்க வந்து சேர்ந்தேன்."

அந்தத் தானியங்கிப் பதிலை அமைத்துவைத்ததும் அவள்தான். தள்ளப்பட்டவர்களிடமிருந்து வரும் பதில்கள் தன் கண்ணில் படாதபடி மறைத்துவைத்ததும் அவள்தான்.

"நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல," என்றது ரொசாரியின் குரல். "வக்கில்லாதவன்னு எழுதினது நான்தான். அன்னைக்குத் தொண்ட நல்லா இருந்திச்சி. யாரை வேணும்னாலும்..."

பெட்டி ஒலி எழுப்பியது. அவர் வாய் இன்னும் ஒன்றிரண்டு வார்த்தைக்கு அசைந்தது. பிறகு கையை விரித்துக் காட்டிவிட்டு மாடிப்படி ஏறினார்.

ஆறு வாரமாகத் தன்னை ஒரு மனிதருக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அவர் அவளிடம் ஒரு மேசைக்கு முன்னால் நிற்பதுபோல நின்றிருக்கிறார். டீயை அவளால் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. டம்ளரைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று முதல் முறையாக வகுப்பைப் பாதியில் விட்டாள். அதையே பிழை எண் 414 என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான், இதுவும் வலிக்காத ஒன்றுதான் என்று தெரிந்தது.

சனிக்கிழமை அலுவலகம் அரை நாள். எல்லோரும் போன பிறகு காலி மேசையில் உட்கார்ந்து எழுதினாள். பூஜ்யம், ஒன்று என்று வரிசை போடாமல் எழுதினாள்.

"2043 ஆகஸ்ட் 22, சனி. பிழை எண் 415. ஏப்ரல் 2 அன்று பேட்ச் 7714-ஐத் தள்ளினேன். அதை நான் படிக்கவில்லை. பதினோரு விநாடியில் நான் பார்த்தது அனுப்பியவரின் பெயரை மட்டும். அவர் ஆரோக்காரர், முன்பு ஒரு சண்டையில் நம்மைக் கேலி செய்தவர். பதிலுக்குச் செய்ய வாய்ப்பு கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் கேள்வி கேட்க முடியாதபடி தொழில் காரணம் மாதிரி மூன்று வரி எழுதினேன். பேட்ச் சரியாக வேலை செய்கிறது. அன்றும் சரியாகவே வேலை செய்திருக்கும். இதைச் சொல்லாமல் தப்பிக்க 413-ஆம் பிழையைப் பொய்யாக எழுதினேன். காரணம்: கவனக்குறைவு அல்ல. என் சொந்தப் பெயர் ச. வின்சியா."

ஈரோட்டுக்காரர் ஒரு மணி நேரத்தில் ஒப்பினார். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. சுடலைமணி ஞாயிறு மாலை வரை இழுத்தடித்தான். கடைசியில் கூப்பிட்டான்.

"வின்சி, உன் மானத்தைக் குடுக்கது உன் இஷ்டம். எங்க எழுபது பேரு மானத்தையும் சேர்த்துல்லா சந்தையில வச்சிட்ட. அவனுவ இனி இதை வச்சே பத்து வருஷம் ஓட்டுவானுவ."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதற்குள் ஆரோக்காரர்கள் அந்தக் குறிப்பைப் படமெடுத்து ஊர் முழுக்கச் சுற்றவிட்டிருந்தார்கள். ஓட்டைச்சட்டியின் லட்சணத்தைப் பாரீர் என்று தலைப்பு. தறிக்காரர்கள் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். சிலர், அவள் ஆரோவிடம் காசு வாங்கிவிட்டாள் என்றும் கண்டுபிடித்தார்கள். முந்நூறு, நானூறு பேர் மாறி மாறி எழுதினார்கள். வின்சியா எல்லாவற்றையும் படித்தாள். பேட்ச் எதற்கானது என்று அதில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாருடைய குரல் என்றும் கேட்கவில்லை.

ஒப்பிவிட்டுத்தான் சுடலைமணி திட்டினான். திங்கள் காலை 7714 திறந்தது. பொய்ப் பிழை எழுதியதற்காக, விதிப்படி வின்சியாவின் காப்பாளர் பொறுப்பு ஒரு வருஷத்துக்குப் போனது.

அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த சின்னத் தறிப் பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, திரேஸ்புரத்தில் ரொசாரியின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ஞானப்பூ மீன் அலசிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்தபடி வந்து கதவைத் திறந்தாள். வந்தவள் யாரென்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. வகுப்பில் கூடப் படிக்கிற பிள்ளை என்றுதான் நினைத்தாள்.

குரல் இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் ஞானப்பூ பேசிக்கொண்டிருந்தாள். புருஷனைப் பற்றிய புகார்தான் எல்லாம்.

"வகுப்பு இருக்க அன்னைக்கு வீட்டுல வாயத் திறக்க மாட்டாரு பிள்ள. முந்நூறையும் அங்கன போயி பேசணும்னு மிச்சம் பிடிச்சி வச்சிருவாரு. நான் என்ன கேட்டாலும் கையக் காட்டுவாரு. ஒரு நாளு கோவத்துல கேட்டுட்டேன், அங்க யாருட்டப் போயி அப்படி என்னத்தப் பேசுதீயன்னு. அதுக்கும் பதில் இல்ல."

வின்சியா திரையில் ஓடும் எண்களைப் பார்த்தபடி இருந்தாள். அந்த வார்த்தைகள் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும். மக்கா, இந்த வரி சரியா. மக்கா, இன்னைக்கு மேடம் நடத்தினது புரிஞ்சிச்சா. மக்கா, டீ ஆறிப்போவும், குடி. இந்த வீட்டுச் சமையலறைக்கு வர வேண்டிய வார்த்தைகள்.

இறங்கி முடிந்ததும் ரொசாரி அவள் கொண்டுவந்த தறிப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். முதலில் இருமுவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு அவர் மனைவியைப் பார்த்து, காலையிலிருந்து ஓயாமல் பேசுகிறாயே, மீன் என்ன ஆச்சு, பூனை தின்னுட்டுப் போவட்டும்னு விட்டுட்டியா என்றார். அதே கரடுமுரடான குரல். ஞானப்பூ சிரிக்கவில்லை. அழவும் இல்லை. சண்டைக்குத் தயாராகி முந்தானையை இழுத்துச் செருகினாள். பூனையில் ஆரம்பித்தது போன வருஷத்து ஒரு கல்யாண வீடு வரை போயிற்று. முந்நூறு வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது. ஒலி எழவில்லை.

வின்சியா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ரொசாரி வாசல் வரை வந்தார்.

"அன்னைக்கி நான் சொல்ல வந்ததை மெஷின் அறுத்துட்டு," என்றார். "தொண்ட நல்லா இருந்தப்ப யாரை வேணும்னாலும் பேசலாம்னு நினைச்சேன். அதைத்தான் சொல்ல வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

நன்றி சொல்லுவார் என்று தான் எதிர்பார்த்துக்கொண்டு நிற்பது வின்சியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. உடனே அவள் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாள். அண்ணாச்சி, வாரேன் என்றாள். அவர் சரிம்மா என்றார். உள்ளேயிருந்து ஞானப்பூ கூப்பிட, அவர் அங்கிருந்தே பதில் சொல்லிக்கொண்டு திரும்பினார்.

மாலை வகுப்பில் சுவர்ப் பக்கம் அவளுக்கு இடம் விடவில்லை. சன்னல் பக்கம் ஒருவன் எழுந்து கைதட்டி அவளைக் கூப்பிட்டான். அவள் இரண்டு பக்கமும் இல்லாமல் கடைசியில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். ரொசாரி வரவில்லை. அவருக்கு இனி அங்கே வேலை இல்லை.

வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே அவள் 7714-இன் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தாள். பேட்ச் தள்ளப்பட்டாலும் அதன் கீழே 'எனக்கும் வேண்டும்' என்று யாரும் பதிந்துவைக்கலாம். மூடிக்கிடக்கும்வரை அந்தப் பட்டியல் யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்தது. நாற்பத்தொரு பேர். ஊர், முகவரி, எந்த மாதிரி ஆரோ என்ற விவரம் எல்லாம் வரிசையாக இருந்தன. முப்பத்திரண்டு பேருடையது ரொசாரியுடையதைப் போலவே ஆகஸ்டில் நிற்கிற மாடல். அவர்கள் ஏற்கெனவே இறக்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

மீதி ஒன்பது பேருடையது அதற்கும் பழைய மாடல். அதைக் கம்பெனி ஜூன் 30-ஆம் தேதியே நிறுத்திவிட்டது. அந்த ஒன்பது பேரும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் பதிந்தவர்கள். ஒருவர் மட்டும் நாலு தடவை பதிந்திருந்தார்.

அவள் வகுப்பு முடிவதற்குள் அந்த ஒன்பது பெயரையும் நோட்டில் எடுத்து எழுதினாள். முகவரிகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். இனி அவளுக்குப் பிழை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பொறுப்பு போனபோதே வெளியிடும் உரிமையும் போயிற்று. எழுதினால் அவள் மட்டுமே படிக்கலாம். எழுதினாள்.

2043 ஆகஸ்ட் 24, திங்கள். பிழை எண் 417. ஒருவர் குரலைத்தான் தடுத்தேன் என்று நினைத்திருந்தேன்.

நாளை செய்ய வேண்டியது: வேலைக்குப் போகும் வழியில் தபால் நிலையத்தில் உறையும் தபால்தலையும் வாங்க வேண்டும், ஒன்பது. மதியம் முதல் கடிதம் எழுத வேண்டும். லில்லி புஷ்பம், குளச்சல்.